கற்பிக்க வந்தவர் கற்றுச் சென்றது



1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுத் தலைநகரான அக்ராவில் ஒரு விமானம் வந்து இறங்கியது. அதிலிருந்து அமெரிக்க இளைஞர்களும் இளம்பெண்களுமாக ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டோர் இறங்கினர். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியப் பணி செய்ய வந்தவர்கள் அவர்கள். கானா விடுதலை பெற்று அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வரவேற்க வந்த பெரியவர்கள் காத்திருக்க, வந்தவர்கள் ஓடுதளத்திலேயே வரிசையாக நின்று ஒரு பாடலைப் பாடினர். அது ஆங்கிலப் பாடலன்று. கானாவின் துவி மொழிப் பாடல். அமெரிக்காவில் சில வாரப் பயிற்சியில் கற்றுக்கொண்டது. நாக்கு எத்தனை இடங்களில் தடுக்கியதோ, அதைக் கேட்டு நின்றவர்களே அறிவர்.

பாடம் நடத்த வந்தவர்கள், வந்த இடத்தில் வாயைத் திறந்ததே தாம் கற்றதை ஒப்புவிப்பதற்காக என்பது சிந்திக்கத் தக்கது. மாணவன் ஆசிரியரிடம் பாடம் ஒப்புவிப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆசிரியர் மாணவர் நாட்டாரிடம் ஒப்புவித்த காட்சி அது. மொழி கற்பிப்பதற்காக நாடு விட்டு நாடு செல்லும் தன்னார்வத் தொண்டர்களைப் பற்றி எத்தனையோ புகழுரைகளும் அதே அளவு ஐயங்களும் உண்டு. அவர்களுடைய பணியை எடைபோட எனக்குத் தெரிந்த தராசு ஒன்றே: கற்பிக்க வந்தவர் எவ்வளவு கற்றுச் சென்றார்? அதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இத்தகைய ஏற்பாடுகள் அரசுகளின் துணையோடு பெருமளவில் வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். இங்கிலாந்தில் 1958இல் அலெக் டிக்சன், மோரா டிக்சன் என்னும் கணவன் மனைவியர் வி.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினர். அதன் முதல் தொண்டர்கள் பள்ளிப் படிப்பை முடித்திருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள். 1961 மார்ச் முதல் நாள் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 'பீஸ் கோர்' என்னும் அமைப்பை ஆணையிட்டு உருவாக்கினார். அப்பெயரை 'அமைதிப் படை' என்று மொழிபெயர்த்தால், 1987இல் இலங்கைக்குச் சென்ற இந்தியப் படையே நம் வாசகர்களின் நினைவுக்கு வரும். ஆகவே 'பீஸ் கோர்' என்றே வைத்துக்கொள்வோம். அவர்களிடம் துப்பாக்கி இல்லை, சுண்ணக்கட்டிதான் இருந்தது. 1965இல் ஜப்பானும் இத்தகைய தொண்டர் திட்டம் ஒன்றைத் தொடங்கி, முதல் குழுவை லாவோசுக்கு அனுப்பியது.

பீஸ் கோருக்கு மூன்று நோக்கங்கள் எழுதப்பட்டன. தேவைப்படும் நாடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களைத் தருவது முதலாவது. அமெரிக்கர் எத்தகையோர் என்பதை அந்நாட்டு மக்கள் அறியச் செய்வது இரண்டாவது. அந்நாட்டு மக்கள் எத்தகையோர் என்பதை அமெரிக்கர் அறியச் செய்வது மூன்றாவது. முதல் இரண்டும் கொடுப்பதைப் பற்றியவை. மூன்றாவது வாங்குவதைப் பற்றியது. பரிமாற்றம் என்ற சொல்லுக்குப் பொருள் கிடைப்பது அந்த மூன்றாவதில்தான். 1961 முதல் இன்று வரை 2,40,000க்கும் மேற்பட்டோர் இவ்வமைப்பின் வழியே 140க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றுள்ளனர். வேளாண்மை, நலவாழ்வு எனப் பல துறைகள் இருந்தும், கல்வித்துறையே என்றும் பெரும்பங்கைப் பெற்று வந்திருக்கிறது. அதிலும் ஆங்கிலம் கற்பித்தலே முதன்மையானது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. கல்லூரியை விட்டு நேற்று வெளிவந்த பட்டதாரிக்கு, தாய்மொழி ஆங்கிலம் என்பதாலேயே அதைக் கற்பிக்கும் தகுதி வந்துவிடுமா? வாராது. நாமெல்லாம் பிறந்தது முதல் தமிழ் பேசுகிறோம். 'வந்தது' என்பதற்கும் 'வந்திருக்கிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வெளிநாட்டவருக்கு விளக்கச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் விழிக்காமல் இருப்போம்? பேசத் தெரிவது வேறு, பேசவைக்கத் தெரிவது வேறு. இரண்டாண்டு என்பதும் குறுகிய காலமே. முதலாண்டு முழுவதும் தட்டுத்தடுமாறி, இரண்டாம் ஆண்டில் வகுப்பு வசப்படும் வேளையில் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். அவர் சென்ற பின்னும் அதே கரும்பலகை முன் நிற்கப்போகிறவர் உள்ளூர் ஆசிரியர்தான். அவருடைய ஊதியத்தையும் மதிப்பையும் உயர்த்தாமல், கடல் கடந்து வந்தவருக்கு மட்டும் மாலையிடுகிற நாடு தன் பள்ளிக்கூடத்தைத் தானே மெலியச் செய்கிறது என்பது என் கருத்து.

தொண்டர் முகாம்களை நடத்தியோரும் இக்குறையை அறியாதவர்களல்லர். ஆகவேதான் பணிக்கு முன் பயிற்சி, பெரும்பாலும் மூன்று மாத அளவில், அமைக்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே அது நடந்தது. பின்னர், செல்லும் நாட்டிலேயே, ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பயில்வது வழக்கமாயிற்று. காலையில் உள்ளூர் மொழி ஆசிரியரிடம் பாடம். மாலையில் அவ்வீட்டுப் பிள்ளைகளிடம் பாடம். இரண்டாவது பாடமே கடினம். பட்டம் பெற்ற ஒருவர், தண்ணீர் கேட்கத் தெரியாமல் ஐந்து வயதுக் குழந்தையிடம் கை காட்டி நிற்பார். குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டவரே பின்னாளில் தம் வகுப்பில் தடுமாறும் மாணவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

மேலும், மொழியோடு சேர்த்து வரிசையையும் கற்க வேண்டும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தந்தையும் அதுதான், வேலையாளும் அதுதான். பாரசீகத்தில் நெருக்கமானவரை 'தோ' என்றும், மதிப்புக்குரியவரை 'ஷொமா' என்றும் அழைக்க வேண்டும். நம்மிடமோ நீ, நீர், நீங்கள் என்பதோடு வாப்பா, சாச்சா, லாத்தா, மச்சான் என்று உறவு முறையே தனி இலக்கணமாக விரிகிறது. விடைபெறும்போது 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்ல வேண்டும் என்பதை எந்த இலக்கண நூலின் முதற்பாடமும் சொல்லித் தராது. வீட்டு வாசற்படிதான் சொல்லித் தரும்.

இந்தப் பாடம் கற்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, கானாவில் பாடல் ஒலித்த அதே ஆண்டில், இரண்டே மாதத்திற்குள் சான்று கிடைத்தது. நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் தொண்டர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 1961 அக்டோபரில், அங்கிருந்த இளம் தொண்டர் ஒருவர் தம் நாட்டு நண்பருக்கு அஞ்சலட்டை எழுதினார். நகரத்தில் கண்ட வாழ்நிலை பின்தங்கியது, அழுக்கு மிகுந்தது என்ற கருத்து அதில் இருந்தது. அட்டை அஞ்சலில் சேருமுன் கீழே விழுந்து நைஜீரிய மாணவர் கையில் சிக்கியது. படியெடுக்கப்பட்டு வளாகம் முழுவதும் பரவியது. மாணவர் கூட்டம் கூடிக் கண்டித்தது. தொண்டர்களைத் திருப்பி அனுப்பு என்ற குரல் எழுந்தது. அப்பெண் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது. கென்னடியே அவருக்கு ஆறுதல் மடல் எழுதினார்.

அந்தப் பெண்ணைக் கல்லெறிய எனக்கு மனமில்லை. புதிய ஊரில் முதற்சில வாரங்களில் கண்ணுக்குப் படுவது குப்பையும் சாக்கடையும்தான். அவற்றைக் காண மொழி தேவையில்லை. அந்தத் தெருவில் அமர்ந்து சமைக்கும் தாயின் நகைச்சுவையும், அண்டை வீட்டாரின் வழக்கும், மாலையில் கதை சொல்லும் முதியவரின் சொல்வன்மையும் புலப்படுவதற்கோ மொழி வேண்டும். பார்வை முன்னே ஓடிவிட்டது, செவி பின்தங்கிவிட்டது. அவ்வளவுதான். நைஜீரிய மாணவர்களின் சினமும் பொருளற்றதன்று. அடிமை ஆட்சியிலிருந்து விடுபட்டு ஓராண்டே ஆன நாடு அது. தங்களைப் பற்றி யார், யாருக்கு, என்ன எழுதுகிறார்கள் என்பதில் அவர்களுக்குக் கூர்மையான உணர்வு இருந்தது. அத்தொண்டர் திட்டம் கலையவில்லை. தொண்டர்களும் நைஜீரிய மாணவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொண்டனர்.

இனி, முஸ்லிம் நாடுகளுக்குச் சென்ற தொண்டர்களின் கதைக்கு வருவோம். 1962இலிருந்து 1976 வரை ஈரானில் 1,700க்கும் மேற்பட்ட அமெரிக்கத் தொண்டர்கள் பணியாற்றினர். அவர்களுள் பலர் சிறு நகரங்களின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவர்கள். அது ஷாவின் ஆட்சிக்காலம். 1953இல் பிரதமர் முஸத்திக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்டதில் அமெரிக்க உளவுத்துறையின் கை இருந்ததை ஈரானியர் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்டுக்கு ஒரு கையில் ஆங்கில வாசகமும் மறு கையில் பாரசீக அகராதியுமாகச் சென்றவர்களில் ஒருவர் ஜான் லிம்பர்ட். 1964 முதல் 1966 வரை குர்திஸ்தான் பகுதியின் சனந்தஜ் நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் போதித்தார். அதன் பின்னர் ஷீராஸ் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். ஈரானியப் பெண்மணி ஒருவரை மணந்தார். பாரசீகத்தைத் தாய்மொழி போல் பேசும் நிலையை அடைந்தார். பிற்பாடு அமெரிக்க வெளியுறவுப் பணியில் சேர்ந்து, 1979இல் டெஹ்ரான் தூதரகத்திற்கு வந்து சேர்ந்தார்.

அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் மாணவர்கள் தூதரகத்தைக் கைப்பற்றினர். உள்ளே இருந்தவர்கள் இரும்புக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மேல்மாடியில் இருந்தபோது, மாணவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசிப் பார்க்கிறேன் என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் லிம்பர்ட். பேச்சு பலிக்கவில்லை, அவரே பிடிபட்டார். ஐம்பத்திரண்டு பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்த வரலாற்றை மூத்த வாசகர்கள் வானொலியிலும் செய்தித்தாளிலும் தொடர்ந்து அறிந்திருப்பீர்கள். ஆனால் அந்த ஐம்பத்திரண்டு பேருள் மூவர், ஒருகாலத்தில் அதே ஈரானில் பீஸ் கோர் தொண்டர்களாக இருந்தவர்கள் என்பது அப்போது அதிகம் பேசப்படவில்லை.

1980இல், அப்போது டெஹ்ரான் ஜும்ஆத் தொழுகையின் இமாமாக இருந்தவரும் பின்னாளில் நாட்டின் உச்சத் தலைவரானவருமான அலீ காமெனயீ, கைதிகளைப் பார்வையிட வந்தார். படக்கருவிகள் சூழ்ந்திருந்தன. லிம்பர்ட்டின் அறைக்குள் அவர் நுழைந்தபோது, கைதி எழுந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்கும் ஈரானியக் குடும்பத் தலைவரைப் போலப் பாரசீகத்தில் முகமன் கூறினார். குறை ஏதும் உண்டா என்ற பேச்சு வந்தது. ஈரானியரின் உபசாரம் உலகறிந்தது, ஆனால் அதைச் சற்று மிகைப்படுத்திவிடுகிறீர்கள். விருந்தாளி புறப்படுகிறேன் என்று எழுந்தாலும், கூடாது, இருந்தே ஆக வேண்டும் என்று விடாமல் பிடித்துக்கொள்கிறீர்கள் என்ற பொருள்பட அவர் பதில் கூறினார். எதிரே இருந்தவருக்கு அச்சொல்லின் உள்குத்தும் புரிந்தது, நயமும் புரிந்தது.

அந்த உபசார வழக்கத்திற்கு ஈரானியர் இட்ட பெயர் 'தஆருஃப்'. அரபி ஓதிய நம் பிள்ளைகளுக்கு இச்சொல் அந்நியமன்று. 'ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல்' என்பது அரபியில் இதன் பொருள். பாரசீகத்திற்குச் சென்றபோது அது முகமனாகவும் வற்புறுத்தலாகவும் உருமாறிவிட்டது. நம் வீடுகளிலும் இது இல்லாமலில்லை. வந்தவர் எழுந்தால், 'இருங்கள், ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போக வேண்டும்' என்று மூன்று முறை சொல்லாவிட்டால் வீட்டுக்காரம்மாவுக்கு உறக்கம் வாராது. மூன்று முறை மறுக்காமல் அமர்ந்துவிட்டால் வந்தவருக்கு மரியாதை இராது. இந்த ஆட்டத்தின் விதிகளை எந்த மொழி வகுப்பிலும் கற்க முடியாது. ஈரானிய வீடுகளில் விரித்த சுப்ராவின் முன் எத்தனையோ முறை அமர்ந்தெழுந்தவருக்கே அது கைவரும். தாம் விருந்தாளியாகக் கற்றதைக் கைதியாக இருக்கையில் லிம்பர்ட் திருப்பித் தந்தார். வசைமொழியில் அல்லாமல், அவர்களுடைய நயத்திலேயே தந்தார்.

மற்ற இருவரும் வேறு வகையினர். மைக்கேல் மெட்ரிங்கோ துருக்கியிலும் ஈரானிலும் தொண்டராக இருந்து பாரசீகத்தில் தேர்ந்தவர். காவலர்களிடம் அவர்கள் மொழியிலேயே சண்டையிட்டார். சிறைக்காலத்தின் பெரும்பகுதியைத் தனிமையிலேயே கழித்தார். மொழி வல்லமை மனிதரை மென்மையாக்கும் என்று எவரும் உறுதிச் சீட்டு எழுதித் தருவதில்லை. பாரி ரோசன் 1960களின் பிற்பகுதியில் ஈரானில் தொண்டராக இருந்தவர். இவர் 1998இல் பாரீஸ் நகரில், தூதரகத்தைக் கைப்பற்றிய மாணவர் தலைவர்களுள் ஒருவரான அப்பாஸ் அப்தியைச் சந்தித்து, ஒரே மேடையில் அமர்ந்து உரையாடினார். இரு நாட்டிலும் அதைப் பழித்தவர் உண்டு. லிம்பர்ட்டோ விடுதலைக்குப் பின் ஹாஃபிஸ் காலத்து ஷீராஸ் நகரைப் பற்றி நூல் எழுதினார். ஈரானோடு எப்படிப் பேச வேண்டும் என்று தம் நாட்டு அதிகாரிகளுக்குச் சொல்ல இன்னொரு நூலும் எழுதினார். 14 மாதங்களுக்கு மேல் தம்மை அடைத்துவைத்த நாட்டைப் பற்றி வெறுப்பில்லாமல் எழுத அவரால் முடிந்ததற்கு சனந்தஜ் பள்ளிக்கூடமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஒரு நாட்டை அதன் அரசு வழியாக மட்டும் அறிந்தவருக்கு அந்த அரசோடு பகை வந்தால், நாடே பகையாகிவிடும். அதன் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தவருக்கு அப்படி ஆவதில்லை.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பக்கத்து நாடான ஆப்கானிஸ்தானிலும் 1962இல் தொண்டர்கள் நுழைந்தனர். முதலில் வந்தவர்கள் வெறும் ஒன்பது பேர். அரசு அவர்களைக் காபூலைத் தாண்டிச் செல்ல விடவில்லை. நடத்தையைப் பார்த்த பின்னரே மாகாணங்களுக்கு வழிவிட்டது. எச்சரிக்கையான வீட்டுக்காரர் புதிய வாடகைக்காரரை நோட்டம் விடுவது போன்ற அந்த முறையை நான் குறை கூற மாட்டேன். அங்கே 1960களில் ஆங்கிலம் கற்பித்தவர்களுள் தாமஸ் கூட்டியேர் என்பவர் ஒருவர். ஆப்கானிய தேசியக் கூடைப்பந்து அணிக்கும் பயிற்சியாளராக இருந்தார். தரி மொழியை நன்கு கற்றுத் தாயகம் திரும்பி, 1974 முதல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆப்கானிஸ்தான் ஆய்வு மையத்தை நெடுங்காலம் நடத்தினார்.

சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்த பின், 1984 முதல் 1994 வரையிலான காலத்தில், அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் அந்த மையம் ஆப்கானியப் பிள்ளைகளுக்குத் தரி, பஷ்தூ மொழிகளில் பாடநூல்களை உருவாக்கியது. அகதி முகாம்களில் கல்வியின்றிக் கிடந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைத்தது என்பது உண்மை. அந்த நூல்களில் துப்பாக்கிகள், தோட்டாக்கள், கண்ணிவெடிகள், படைவீரர்கள் ஆகியவற்றின் படங்களும் பாடங்களும் இருந்தன என்பதும் உண்மை. எண்ணக் கற்றுக்கொள்ளும் சிறுவன் ஆப்பிளுக்கும் பென்சிலுக்கும் பதிலாகப் போர்க்கருவிகளை எண்ணினான். 2002இல்தான் அவை நீக்கப்பட்ட பதிப்புகள் அமெரிக்க உதவியிலேயே அச்சாயின. ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறையின் கையில் அந்தப் பழைய நூல்கள் இருந்தன. மதரஸாக்களையே போர்ப்பயிற்சிக் கூடங்கள் என்று குற்றம் சாட்டும் செய்தியாளர்கள், இப்பாடநூல்கள் எங்கே எழுதப்பட்டன என்பதையும் சேர்த்து எழுதினால் நலம். நான் கற்பிக்கும் அரிச்சுவடியில் அலிஃபுக்கு அருகே படம் ஏதுமில்லை என்பதை இங்கே பணிவோடு சொல்லி வைக்கிறேன்.

ஆக, விருந்தாளியாக வந்து கற்ற மொழி, நயமாகப் பேசவும் பயன்படலாம். பிள்ளைகளின் பாடத்தில் வெடிமருந்தை வைக்கவும் பயன்படலாம். அதனால் கதவைச் சாத்திவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்பேன். பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி இந்நாட்டுக்கு வந்தது கஸ்னி சுல்தான் மஹ்மூதின் படையெடுப்புகள் நிகழ்ந்த காலத்தில். அந்தப் புழுதியின் நடுவே அவர் சமஸ்கிருதம் கற்றார். இங்குள்ள வானநூலாரிடம் முதலில் மாணவராக நின்றதையும், பிறகு அவர்களுக்கே தாம் விளக்கும் நிலை வந்ததையும் தம் நூலில் குறித்திருக்கிறார். படை கொண்டுவந்ததும் அவர் கொண்டுசென்றதும் ஒன்றல்ல. வருகிறவர் எந்த அரசின் பயணச்சீட்டில் வருகிறார் என்று பார்ப்பது அறிவுடைமை. அதோடு நின்றுவிடாமல், வகுப்பறையில் அவருக்கு எந்த இடத்தைக் கொடுக்கிறோம் என்று பார்ப்பது அதனினும் அறிவுடைமை.

இந்த இட ஒதுக்கீட்டில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று இந்தோனேசியாவில் நடக்கிறது. உலகில் ஜப்பானிய மொழியைப் பயில்வோர் தொகையில் சீனத்திற்கு அடுத்து இந்தோனேசியாதான் நிற்கிறது. ஜப்பான் அறக்கட்டளையின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். தலையில் ஜில்பாப் அணிந்த மாணவிகள் 'ஹிராகானா' எழுத்துகளை எழுதிப் பழகும் காட்சி அங்கே மிகச் சாதாரணம். இப்பள்ளிகளுக்கு உதவ 2014இல் அந்த அறக்கட்டளை 'நிஹோங்கோ பார்ட்னர்ஸ்', அதாவது ஜப்பானிய மொழித் துணைவர்கள் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தென்கிழக்காசிய நாடுகள் பலவற்றுக்கும் இவர்கள் செல்கின்றனர். இருபது முதல் அறுபத்தொன்பது வயது வரையுள்ளோர் சேரலாம். ஆசிரியப் பட்டம் வேண்டியதில்லை. புறப்படுமுன் ஏறத்தாழ ஒரு மாதப் பயிற்சி; அதில் செல்லும் நாட்டு மொழியும் உண்டு. விமானச் செலவும் வாழ்க்கைப் படியும் தரப்படுகின்றன.

பெயரைக் கவனியுங்கள்: ஆசிரியர் என்றில்லை, துணைவர் என்றிருக்கிறது. வகுப்பை நடத்துபவர் இந்தோனேசிய ஆசிரியர்தான். இலக்கணத்தை அவர் விளக்குவார். உச்சரிப்புக்கும் உரையாடலுக்கும் பக்கத்தில் நிற்பவர் ஜப்பானியர். தூரிகை எழுத்து, தாள் மடிப்பு, சமையல் என்று தம் நாட்டுப் பழக்கங்களை மாணவர்க்குக் காட்டுவார். பள்ளி முடிந்ததும் கடைத்தெருவில் இந்தோனேசிய மொழியில் விலை கேட்டுத் திணறுவார். தாய்மொழியாளர் என்ற பெருமை அவருக்கு. ஆசிரியர் என்ற மதிப்பு உள்ளூராருக்கு. அவர் விடைபெற்றுச் சென்றாலும் வகுப்பு அனாதையாகாது. ஓய்வுபெற்ற அறுபது வயதுக்காரர், பேரப்பிள்ளைகளின் வயதுள்ளோரிடம் 'இந்தச் சொல்லை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது' என்று கேட்டு நிற்பதில் ஓர் அழகு இருக்கிறது. நம் ஊர்களிலும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திண்ணையில் நாளிதழைப் புரட்டும் நல்லாசிரியர்கள் எத்தனை பேர்! அவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அரசுகளுக்கிடையே வானிலை மாறினால் இப்பணிகள் ஒரே நாளில் நின்றுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஈரானில் 1976இலும் ஆப்கானிஸ்தானில் 1979இலும் நின்றது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது, 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 பீஸ் கோர் தொண்டர்கள் சில நாட்களுக்குள் திருப்பி அழைக்கப்பட்டனர். பாதிப் பாடத்தில் புத்தகத்தை மூடியவர் பலர்.

சீனத்தின் கதை இன்னும் விந்தையானது. அங்கே பீஸ் கோர் என்ற பெயரே பல ஆண்டுகள் வசைச்சொல்லாக இருந்தமையால், 1993இல் தொண்டர்கள் 'அமெரிக்க சீன நட்புத் தொண்டர்கள்' என்ற வேறு பெயரில் நுழைந்தனர். அவர்களுள் ஒருவர் பீட்டர் ஹெஸ்லர். 1996 முதல் 1998 வரை யாங்சி ஆற்றங்கரையின் ஃபூலிங் என்னும் சிறு நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். மாணவர் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். படித்து முடித்து நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்கள். ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகளை வகுப்பிலேயே நடித்தனர். அங்கே நேரம் போக, ஹெஸ்லர் சீன மொழி கற்க இன்னோர் ஆசிரியரிடம் மாணவராக அமர்ந்தார். அவருடைய நாட்டில் மாணவன் பிழை செய்தாலும் முதலில் பாராட்டிவிட்டுத்தான் திருத்துவர். இங்கே ஒவ்வொரு முறை வாயைத் திறந்தபோதும் 'தவறு' என்ற ஒரே சொல்தான் கிடைத்தது. முதலில் சுருக்கென்றது, பிறகு அந்தக் கண்டிப்பிலேயே மொழி படிந்தது. அந்த இரண்டாண்டு அனுபவத்தை அவர் 'ரிவர் டவுன்' என்னும் நூலாக 2001இல் வெளியிட்டார்.

1,300க்கும் மேற்பட்ட தொண்டர்கள் சென்று வந்த பின், 2020 ஜனவரியில் அந்தத் திட்டம் முடித்துக்கொள்ளப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 2019இல், ஹெஸ்லர் மீண்டும் கற்பிப்பதற்காகக் குடும்பத்தோடு சீனத்திற்குத் திரும்பியிருந்தார். இரண்டாண்டு தங்கினார். ஃபூலிங்கில் அவரிடம் படித்த இளைஞர்கள் அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அவர் மடல் தொடர்பை விடாமல் வைத்திருந்தார். ஆண்டுதோறும் அவர்களுடைய வேலை, வீடு, பிள்ளைகள் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்ப, அவர்களும் விடை எழுதினர். அவர்களில் பலர் இன்னும் வகுப்பறையில்தான் நிற்கின்றனர், ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு.